திரைக்கு இந்தப் பக்கம்

டாக்டர் அறைக்குக் கதவு இல்லை, பச்சைத் துணித்திரைதான் தொங்குகிறது. வெளியே பெஞ்சில் நதியா உட்கார்ந்திருக்கிறாள். பதினேழாகியும் வயதுக்கு வரவில்லை என்று, பனியன் கம்பெனியில் லீவு சொல்லி, அவளை அம்மா ஒச்சம்மாள் கூட்டி வந்திருக்கிறாள். "நீ கொஞ்சம் வெளிய இரு கண்ணு" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். சுடிதாரில் ஒட்டிய பஞ்சுத் தூசியை நதியா ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறாள். மின்விசிறிக் காற்றில் திரை விலகும்போது, டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த ஸ்கேன் படம் தெரிகிறது. அவள் வயிறுதான் அது. "கர்ப்பப்பையே இல்லீங்க. உள்ள இருக்கறது ஆம்பளப் பசங்களுக்கு இருக்கற விதைங்க. பிறவியிலயே அப்படித்தான், யார் தப்பும் இல்லீங்க. எடுத்துறலாம். புள்ளைகிட்ட குடலிறக்கம்னு சொல்லிக்கங்க." அம்மாவின் அழுகை முந்தானைக்குள் அமுங்கிக் கேட்கிறது. நதியாவின் விரல்கள் தூசியை விட்டுவிட்டு வயிற்றின் மேல் வந்து நிற்கின்றன.

ஒச்சம்மாள் வெளியே வருகிறாள். கட்டை விரலில் மை ஈரமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல் சொல்கிறாள்: "குடலெறக்கமாம்டி. சின்ன ஆபரேசந்தான். கைநாட்டு வச்சிட்டேன்."

"எனக்குக் கேட்டுச்சும்மா" என்கிறாள் நதியா. "எல்லாமே கேட்டுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஒச்சம்மாள் மை விரலை முந்தானையில் அழுத்தித் துடைக்கிறாள். நர்ஸ் நதியாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இருவரும் எழவில்லை.