தாவலில் தொலையும் நெளிவு

குளிர்காலம்; மதியம் இரண்டுக்கே பின்லாந்தின் ஓலு நகரில் இருட்டுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஹில்கா, தான் வடிவமைத்த ஆம்ப்ளிஃபயருக்குள் சீரான ஒற்றை ஒலியை அனுப்புகிறாள். சிதைவைக் காட்டும் மீட்டர் முள் அசையவில்லை. "பாத்தியா? சிதைவே இல்ல. கோளாறு உன் காதுலதான்." அதில் பாட்டுக் கேட்டால் தாளத்தட்டு அதிரும்போதெல்லாம் கரகரக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லும் ஔலிஸ் காப்பியை உறிஞ்சுகிறான். "பாட்டு ஒரே சீராவா போகுது? திடீர்னு தாவ விட்டுப் பாரேன்." அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, செங்குத்தாகத் தாவும் சதுர அலைமேல் சின்ன நெளிவொன்றை ஏற்றி அனுப்புகிறாள். வெளிவரும் அலையைக் காட்டும் பச்சைத் திரையில் ஒவ்வொரு தாவலிலும் அந்த நெளிவு ஒரு கணம் காணாமல் போய்த் திரும்புகிறது. அந்த வெற்றிடத்தில் அவள் விரல் வெகுநேரம் நிற்கிறது. மேசைமேல் தட்டில் காலையிலிருந்து மிஞ்சிக் கிடக்கிறது ஒற்றை ஏலக்காய் பன். கடைசியாக மிஞ்சியதை மரியாதை கருதி இங்கே யாரும் தொடுவதில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தட்டை ஔலிஸ் பக்கம் தள்ளுகிறாள்.