பளிச்சுன்னு தெரியுது

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லுடி. நீதான் எழுதினியா?” என்று கேட்டாள் இன்ஜினீயர்.

ஆபீஸில் எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் அவள் தோழி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நான்தான். பார்த்ததை எழுதினேன்.”

பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜை, பங்கு போட்டுச் சாப்பிட ஒரே டிபன் பாக்ஸ். புகார்க் கடிதம் போவதென்றால் அது அவள் கையாலா போக வேண்டும்?

புகார், இன்ஜினீயர் செய்த திரையைப் பற்றி. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கத்தை டிரைவருக்குக் காட்டும் திரை அது. உச்சி வெயிலில் கண் கூசினால், சாதாரணத் திரையில் இருட்டான பகுதியெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். பஸ்ஸின் நிழலில் ஒரு குழந்தை நின்றால்கூடத் தெரியாது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, அந்தக் கறுப்பையும் பிரித்துக் காட்டத்தான் அவள் இரண்டு வருஷம் மாடாய் உழைத்தாள்.

அந்த உழைப்புக்குத் தோழி கொடுத்த பரிசு இரண்டே வரி: ‘வெளிச்சம் போதும். நிழலில் நிற்கும் ஆள் தெரியவில்லை.’

“உன் கண்ணுக்குத் தெரியலேன்னா என் திரை என்னடி பண்ணும்? என் புரமோஷன் மேலதான் உனக்குக் கண்ணு!”

“நேத்தே உன்கிட்ட சொல்ல வந்தேன். நீ காது குடுத்தியா?”

“கூட இருந்தே குழி பறிச்சுட்டு பேச்சைப் பாரு.”

சோடாபுட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினாள்.

போகட்டும், இன்ஜினீயரிடம் சாட்சி இருந்தது. மூன்று மாதமாக அந்தத் திரை ஓடுவது அவள் அண்ணன் ஓட்டும் பஸ்ஸில். அப்பா போன பிறகு ராப்பகலாக வண்டி ஓட்டி அவளைப் படிக்க வைத்தவன் அவன்.

தினமும் திரை எப்படித் தெரிந்தது என்று எழுதித் தரச் சொன்னபோது, “எழுத என்ன இருக்கு பாப்பா? நீ செஞ்சா நல்லாத்தானே இருக்கும்” என்று சிரித்தான். ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை. மழையோ வெயிலோ, தொண்ணூறு நாளும் ஒரே பதில்: ‘தெளிவாகத் தெரிகிறது.’

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு மேனேஜர் நேரிலேயே டிப்போவுக்கு வந்துவிட்டார். அண்ணனின் பஸ்ஸுக்குள் அனல் அடித்தது. முன்கண்ணாடி வழியாக வெயில் நேரே டேஷ்போர்டில் விழுந்தது. சீட்டுக்குப் பின்னால் நின்ற மேனேஜருக்குத் திரை கண்ணைக் கூசச் செய்யும் ஒரு பலகையாகத்தான் தெரிந்தது. சோடாபுட்டி படிக்கட்டிலேயே நின்றுகொண்டாள்.

“நானூறு ஸ்கூல் பஸ்ஸுல மாட்டப் போறோம். ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா நான் யாரை நம்பறது?” என்றார் மேனேஜர்.

“தினம் பார்க்கிறவரைக் கேளுங்க சார்” என்ற இன்ஜினீயர், அண்ணன் சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாள். திரையின் சுவிட்சு எங்கோ ஒயருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் பொறுக்கவில்லை. “டிரைவர், சொல்லுங்க. நேர்மையா சொல்லணும்.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையை உற்றுப் பார்த்தான். “ரெண்டு பக்கமும் மஞ்சள் கோடு, கீழே சிவப்புக் கோடு. நிழல்ல கிடக்கிற கல்லு கூட தெரியுது சார். பின்னாடி யாரும் இல்ல, தாராளமா ரிவர்ஸ் எடுக்கலாம். பளிச்சுன்னு தெரியுது!”

“மூணு மாசமும் இப்படித்தானா?”

“ஒரு நாள் கூட மாறல சார். என் தங்கச்சி வேலைன்னா சும்மாவா?”

மேனேஜரின் முகம் மலர்ந்தது. “அப்புறம் என்ன? இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிக்கட்டில் சோடாபுட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்ஜினீயர் எழுந்திருக்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் அவள் கை அப்படியே நின்றுபோயிருந்தது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இன்னும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா... நான் இன்னும் சுவிட்சே போடலையே.”