அரைக் கிலோ அக்கா

"இன்னும் ஒரு அரைக் கிலோ போடுங்க, மாஸ்டர்."

மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் நடத்துவது உடற்பயிற்சிக் கூடம், காய்கறிக் கடை இல்லை. ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் இரும்புக் கம்பியில் வட்டை மாட்டித் தூக்கிக்கொண்டிருக்க, இந்த அக்காவுக்கு மட்டும் மணல் மூட்டை. அதற்கும் ஒவ்வொரு தடவையும் மணலை அள்ளிப் போட்டு, எடை பார்த்து, வாயைக் கட்டித் தர வேண்டும்.

தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். சாயங்காலமானால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்துவிடுவாள். இளைக்க வேண்டும், இடுப்பு குறைய வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூட்டையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கூடத்துப் பெண்கள் அவளுக்கு 'அரைக் கிலோ அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

முதலில் மாஸ்டருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாசலில் பெண்களுக்கான பளு தூக்கும் போட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அக்கா அதற்குத்தான் ரகசியமாகத் தயாராகிறாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

ஆனால் அக்காவின் ஆசைக்கு அளவே இல்லை. கேட்ட எடையைத் தூக்கிவிட்டால் கொஞ்ச நாளைக்கு முகம் மலர்ந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் பேயறைந்த மாதிரி வந்து நிற்பாள். "இது பத்தாது மாஸ்டர், கூட்டுங்க" என்பாள்.

இன்றும் முணுமுணுத்துக்கொண்டே கூட்டிக் கட்டிக் கொடுத்தார். அவள் குனிந்து மூட்டையை மார்போடு சேர்த்து அணைத்தாள். முழங்கால் உயரம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு மேல் மூட்டை ஏறவில்லை.

"விட்ருங்க அக்கா. அப்படியே கீழ போடுங்க, மெத்தைதானே."

அவள் போடவில்லை. மற்றவர்களைப் போல எதையும் தொப்பென்று போடுகிற வழக்கமே அவளுக்கு இல்லை. இடுப்பு ஒடிகிற வலியிலும் காலை மடக்கி, சத்தம் வராமல் மூட்டையை இறக்கி வைத்தாள். பிறகுதான் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ பாக்கறேன்."

"வேண்டாம். டாக்டர் சொன்னத மறந்துட்டீங்களா? முதுகு போச்சுன்னா படுத்த படுக்கைதான்."

"நான் படுக்கக் கூடாது மாஸ்டர்" என்றாள். "நான் படுத்தா எல்லாம் போச்சு."

சொன்னதைக் கேட்காமல் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை மூட்டை தரையை விட்டே கிளம்பவில்லை. அதன் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்த பெண் அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாள் சொல்வதையே இவளிடமும் சொன்னார்.

"உடம்பு ரெண்டாவது அக்கா, மொதல்ல மனசு. ஒரு குறி வைக்கணும். அதத் தொட்டதும் போதும்னு சந்தோஷப்படத் தெரியணும். நீங்க தொட்ட கையோட அதத் தூக்கி இன்னும் மேல வச்சிடறீங்க. இவ்வளவு பேராசை ஆகாது."

"பேராசையா?"

"பின்ன என்னவாம்? போட்டி எங்க ஓடிப் போகுது? இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம்."

"எந்தப் போட்டி?" என்று அவள் விழித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அடுத்த வருஷத்த நெனச்சாத்தான் பயமா இருக்கு மாஸ்டர். இப்பவே முடியல."

"அப்ப எடைய ஏத்தாம இருங்க. யாரு ஏத்தச் சொன்னது? நீங்களாத்தானே ஏத்தறீங்க?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் மூட்டைக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"நடக்க முடியலேன்னாலும் புள்ள வளருதே, மாஸ்டர்."