இன்னும் ரெண்டு ஆட்டம்

லீக்கின் கடைசி ஆறு ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்திருந்தது ஊர் கால்பந்து அணி. "இதே வேகத்துல போனா கோப்பை நமக்குத்தான்," என்றார் சிலுவைதாசன். "நம்மகிட்ட தோத்ததெல்லாம் சோப்ளாங்கி டீமு. இனிமேதான் இருக்கு," என்று மறித்தான் வர்க்கீஸ். டீக்கடை இரண்டுபட்டுக் கிடந்த நேரத்தில் கேப்டன் ஆன்றோஸின் மனைவி ஜெர்மினாள் உள்ளே வந்தாள்.

"அண்ணே, போன ஆட்டம் முடிஞ்சு வந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. இனி ஓடினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்காரு. நீங்க சொன்னா கேப்பாரு."



"இன்னும் ரெண்டே ஆட்டந்தானேம்மா," என்றார் சிலுவைதாசன், மெதுவாக. "ஜெயிச்சிட்டு வர்ற டீமை இப்பப் போயி கலைக்கவா?"

வர்க்கீஸும் தலையாட்டினான்.

ஜெர்மினாள் பையிலிருந்து கணவனின் பூட்ஸை எடுத்தாள். பால் கொதித்துக்கொண்டிருந்த விறகடுப்புக்குள் இரண்டையும் திணித்தாள். ரப்பர் கருகிய புகையில் எல்லோரும் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவள் அடுப்பை விட்டு நகரவில்லை.

வாசலில் நின்றபடி, அவள் காதில் விழும்படியே சிலுவைதாசன் கேட்டார்: "ஆன்றோஸுக்கு எட்டாம் நம்பர் பூட்ஸ். யார்ட்டலே இருக்கு?"