ஈயம் கட்டாத தூண்டில்

“அந்தப் பெரிய கம்பு வேண்டாம்யா. சின்னதே போதும்” என்றான் சுடலைக்கண்ணு.

நாறும்பூநாதனுக்கு எரிச்சலாக வந்தது. குற்றாலம் பங்களாவில் துரையின் தூண்டில் சாமான்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. எந்த மீனுக்கு எந்தக் கம்பு, எந்த ரீல் என்பது பதினைந்து வருஷமாய் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“ஏலே, நீ கெண்டை பிடிக்கவா போற? ஒன் தங்கச்சி புருஷனைத் தேடப் போற! பெரிய கம்பு, பித்தளை ரீல், மூணு முள்ளுக் கொக்கி எடுத்துக்கோ. ரெண்டு ஈயக்குண்டைக் கட்டிப் படகுக்குப் பின்னால இழுத்துக்கிட்டே போனா, அடிச்சேத்துல கெடக்குத செருப்புகூட மாட்டும்லே.”

சுடலைக்கண்ணு பெரிய கம்பை ஒதுக்கி வைத்தான். மெல்லிய நூல் சுற்றிய சின்ன ரீலைக் கம்பில் மாட்டினான். ஈயக்குண்டைத் தொடவே இல்லை.

நான்கு நாளாயிற்று. துரை சுட்ட காட்டு வாத்தை எடுக்க மேலகரத்துக் குளத்தில் நீந்திப் போன அந்தத் தங்கச்சி புருஷன் மாடக்கண்ணு, போனவன் போனவன்தான். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். படகையும் தூண்டில்களையும் கொடுத்து உதவும்படி சொல்லிவிட்டுக் கார் ஏறிவிட்டார். பாவி மனுஷன், ஒரு வாத்துக்காக ஓர் உயிர்!

உடல் கிடைத்தால்தான் செத்தான் என்று பேர். அதுவரை கொள்ளியும் இல்லை, கருமாதியும் இல்லை. மாடக்கண்ணுவைப் பெற்ற பேச்சித்தாய் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கரையிலேயே கிடந்தாள். அவளைப் பார்க்கச் சகிக்காமல்தான் இன்று நாறும்பூநாதனும் படகில் ஏறினார்.

சுடலைக்கண்ணு கம்பைப் படகின் பின்புறம் செருகிவிட்டு, துடுப்பை வேகமாகப் போட்டான். நூல் தண்ணீரின் மேலாகவே வந்தது.

“மெதுவாப் போலே. வேகமாப் போனா நூல் மேல ஏறிரும்னு எனக்கே சொல்லிக் குடுத்தவன் நீ.”

“சரிய்யா” என்றான். வேகம் குறையவில்லை.

“மடைப் பக்கம் திருப்பு.”

“அங்கன பாசியா கெடக்குய்யா.”

“நேத்தும் முந்தாநாளும் நீ அந்தப் பக்கமே போகலைன்னு சொல்லுதாங்களே?”

சுடலைக்கண்ணு படகை எதிர்ப்பக்கம் திருப்பினான். நாறும்பூநாதனுக்குச் சந்தேகம் தட்டியது. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் போன மாசம் இவனும் மாடக்கண்ணுவும் எதிரெதிரே அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்றது ஊருக்கே தெரியும்.

“மூணாம் நாள் பொணம் மெதக்கணும்லே. ஏன் இன்னும் மெதக்கல?”

துடுப்பு நின்றது.

“கல்லு கட்டியிருக்குய்யா.”

“யாரு கட்டுனா?”

“நான்தான்.”

நடுக்குளத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். நாறும்பூநாதன் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கரையிலிருந்து பேச்சித்தாய் குரல் கொடுத்தாள். “கெடச்சானா அய்யா? எம் பிள்ளை கெடச்சானா?”

அவர் எழுந்து நின்றார். இந்தக் கொலைகாரனை ஊர் முன்னால் காட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோது, சுடலைக்கண்ணு அவர் காலைக் கட்டிக்கொண்டான். அவன் பார்வை மட்டும் கரையில் இருந்தது. அங்கே மாமியாருக்குப் பக்கத்தில் அவன் தங்கை உலகம்மை, நிறைமாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள். போன வாரம் வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் இரண்டு கை நிறைய இருந்தன.

“நான் கொல்லலைய்யா. முத நாளு நான் தனியா வந்தப்பவே அவரு கொக்கியில மாட்டிட்டாரு. கரைக்குக் கொண்டு போனா அன்னைக்கே இவ வளையலை ஒடச்சு, தாலியை அறுத்துருவாக. ஏற்கெனவே ரெண்டு பிள்ளை வயித்துலயே போச்சு. இந்த ஒண்ணையாவது பூவும் பொட்டுமா இருந்து பெத்துக்கிடட்டும்னு, நான்தான்யா எங்கையால கல்லைக் கட்டித் திரும்ப உள்ள எறக்குனேன்.”