உள்ளே மடிந்த துணி

எச்.ஐ.வி. முற்றி, தையல்காரி ஜெயமேரியின் எடை முப்பத்தொரு கிலோவுக்கு இறங்கியிருந்தது. இளைக்க இளைக்கத் தன் ஜாக்கெட்டை அவளே பிடித்துத் தைத்துக்கொண்டாள். பக்கத்துக்கு நான்கு தையல் ஓடிவிட்டது. மிஞ்சிய துணி உள்ளே தடித்து மடிந்து, விலா எலும்பின் மேல் உரசிப் புண்ணாக்கியது.

களிம்பு தடவிய நர்ஸ் அதட்டினாள். "தைக்கத் தெரிஞ்சவதானே நீ? அந்தத் துணிய வெட்டி எறிஞ்சா என்ன?"

"வெட்டிட்டா, அப்புறம் எதப் பிரிச்சு விடறது சிஸ்டர்?"

புது மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதம். எடை மெஷினில் ஏறி இறங்கியவள் முள்ளைப் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளையும் தூக்கி, மூச்சை இழுத்து நிறுத்தினாள். அக்குளில் ஜாக்கெட் பிடித்தது.

"சிஸ்டர், பிளேடு இருக்கா? ஒரு தையல் மட்டும்."