தொப்பை போட்ட கோடு

பனி இன்னும் புல்லை விட்டு இறங்கவில்லை. கால்பந்து மைதானக்காரர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். சக்கரம் கிரீச்சிட, பின்னால் வெள்ளைக் கோடு நூல் பிடித்தாற்போல் நீள்கிறது. பாதி மைதானம் தாண்டியதும் சக்கரம் நிற்கிறது. கோடு போகவேண்டிய இடத்தில், விரல் உயரத்தில், ஊசிக்கம்மல் ஒன்று பூத்திருக்கிறது. இந்த மலைச்சரிவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் முளைக்காத நீலப் பூ. முளைத்ததுதான் முளைத்தது, எல்லைக்கோட்டிலா முளைக்கவேண்டும்? "உனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று அதனிடம் சிடுசிடுக்கிறார். பிறகு வண்டியை உள்பக்கமாக ஒடித்து, பூவை மைதானத்துக்கு வெளியே விட்டு வளைத்து, மறுபடி நேராகப் போகிறார். காலை ஆட்டத்துக்கு நடுவராக வந்திருக்கும் மனைவியின் தம்பி, கழுத்தில் விசில் ஆட, இடுப்பில் கைவைத்து நிற்கிறான். சொந்த அக்கா மகனையே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிய ஆள். "என்ன மாமா, கோடு தொப்பை போட்டிருக்கு?" "பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவாங்கல்ல மாப்ள? ரெண்டு பேருக்கும் ஒரு சாண் நட்டம். கணக்கு சரியாப் போச்சு." மைத்துனன் கோட்டின்மேலேயே அடிமேல் அடிவைத்து வருகிறான். வளைவு வந்ததும் பூட்ஸ் கால்களும் வளைகின்றன. குனிகிறான். நீல இதழில் ஒரு பனித்துளி, விழவா வேண்டாமா என்று நிற்கிறது. மாமா மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். "மாமா," நிமிராமலே சொல்கிறான், "இந்த எடத்துல சுண்ணாம்பு பத்தல. இன்னொரு தடவை நல்லா அழுத்திப் போடுங்க."